முயலுக்குச் சளி: நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் மகன் வளர்க்கும் முயல் பஞ்சுவுக்கு மூன்று வயது. மூன்று வாரமாகத் தும்மல், மூக்கில் வெள்ளையாகச் சளி. டாக்டர் பேட்ரில் என்ற கிருமிக்கொல்லி மருந்தை 14 நாள் கொடுக்கச் சொன்னார். ஆறாம் நாள் தும்மல் நின்றதும் நானும் நிறுத்திவிட்டேன். இப்போது மூச்சு விடும்போது கர்கர் என்று சத்தம் வருகிறது. நேற்று இரவிலிருந்து புல்லைத் தொடவில்லை. கணவரின் தொண்டை வலிக்கு வாங்கிய அமோக்சிசிலின் கேப்சூல் மிச்சம் இருக்கிறது. பிரித்துக் கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, உங்கள் செய்தியைப் பார்த்த உடனே போனில் சொன்னதைத்தான் இங்கேயும் முதலில் எழுதுகிறேன். அந்தக் கேப்சூல் வேண்டவே வேண்டாம். இன்னும் பல வீட்டு அலமாரிகளில் அது இருக்கும் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முயல் தின்னும் புல்லைச் செரிக்க வைப்பது அதன் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள். அமோக்சிசிலின் வாய் வழியாகப் போனால் அவை அழிந்து, கிளாஸ்டிரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். பேதியாகி, சில நாளில் உயிரே போய்விடும். ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் என்ற மருந்துகள் இரண்டும் அப்படித்தான். டாக்டர் பென்சிலின் ஊசி போட்டால் பயப்படாதீர்கள், ஊசியாகப் போடுவது வேறு.

ஜெலுத்தோங்கில் நான் வளர்த்த முதல் முயல் மணி அப்படித்தான் போனது. அமோக்சிசிலினைக் கொடுத்தது நான்தான். நல்லது என்று நினைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் கூண்டுக்குள் கை விட்டபோது உடம்பு சில்லென்று இருந்தது. விலங்கு கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தது அதற்கு அப்புறம்தான்.

சரி, பஞ்சுவுக்கு வருவோம். தும்மல் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்தீர்கள், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் முயலின் சீழ் நம்முடையதைப் போல ஒழுகாது, பற்பசை மாதிரி கெட்டியாக மூக்கின் உள்ளறைகளில் தங்கிவிடும். பாஸ்டுரெல்லா என்ற கிருமி, பார்க்க நன்றாக இருக்கும் பல முயல்களின் மூக்கிலும் சும்மா குடியிருப்பதுதான். வெயில், பயம், இடமாற்றம் என்று உடம்பு தளரும்போது கிளம்பும். மருந்தைப் பாதியில் விட்டால், தாக்குப்பிடித்த கிருமிகள் மறுபடி பெருகும். சில முயல்களுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட மருந்து தேவைப்படும். அதனால் இந்த முறை டாக்டரிடம் மூக்குச் சளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று பரிசோதிக்கக் கேளுங்கள். நெஞ்சுக்கும் தலைக்கும் எக்ஸ்ரே எடுப்பதும் நல்லது. மேல் பல்லின் வேர் வளர்ந்து மூக்கை அடைத்தாலும் இதே சளிதான் வரும்.

முயல் மூக்கால் மூச்சு விடும் பிராணி. வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கி மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அமைதியாகப் படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், 30 முதல் 60 வரை இருக்கலாம். முன்கால்களின் உட்பக்க ரோமம் திரிதிரியாக ஒட்டியிருந்தால், உங்கள் கண்ணில் படாமல் மூக்கைத் துடைத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

என்னை அதிகம் பதற வைத்தது அது சாப்பிடாததுதான். 12 மணி நேரம் ஒன்றும் தின்னாவிட்டால் முயலின் குடல் இயக்கம் நின்றுபோகலாம், சளியைவிடச் சீக்கிரம் அது கொன்றுவிடலாம். பெலட் என்ற முயல் தீவன உருண்டைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மூச்சுத் திணறும்போது மட்டும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மல்லாக்கப் பிடிக்கவும் கூடாது.

வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீர்களா? கொசுவர்த்தி? இரண்டுமே பஞ்சு இருக்கும் அறைக்கு வேண்டாம். மூக்கடைப்புக்குக் கோடாலித் தைலம் தடவுவது நமக்குச் சரி, முயலுக்கு எரிச்சல்தான். மூத்திர நெடி மூக்கை அரிக்கும், எனவே கூண்டின் மூத்திரத் தட்டைத் தினமும் மாற்றுங்கள். பினாங்கு வெயிலில் 28 டிகிரிக்கு மேல் போனாலே முயல் தவிக்கும், அதனால் மதியத்தில் ஏர்கோன் போடுங்கள். காற்று நேரே மேலே படக்கூடாது.

நாம் போனில் பேசிய அன்று மதியமே நீங்கள் பஞ்சுவைக் கிளினிக்குக் கொண்டுபோனது என் மனதுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? சலைன் நெபுலைசர், அதாவது உப்புநீரைப் புகைமூட்டம் போலாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி, கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள், டாக்டர் சொன்ன நேரப்படி விடாமல் வையுங்கள். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்து மகனை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எடை இறங்கினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பஞ்சு தானாகப் புல்லைக் கடித்த அன்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.