ஹெச்இஐசி படத்தை ஜேபெக் ஆக்கினால் தரம் கெடுமா?

பினாங்கு தண்ணீர்மலையில் ஐபோனில் எடுத்த தைப்பூசப் படங்கள் அப்பாவின் பழைய கணினியில் திறக்கவில்லை, ஜேபெக் ஆக்கினால் தரம் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் குறையும்தான், ஆனால் உயர் தரத்தில் ஒருமுறை மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 என்ற ஐபோன் இயங்குதளம் முதல் ஐபோன்கள் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கின்றன. பழைய விண்டோஸுக்கு அது புரியாது. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளைத் திருத்தினால் மட்டும் வடிவம் மாறாது. மேக் கணினி இருந்தால் அதிலுள்ள பிரிவியூ செயலியில் திறந்து எக்ஸ்போர்ட் கொடுங்கள், போதும்.

ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிப்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறையும் சில நுணுக்கங்கள் போய்விடும். காவடியின் மயிலிறகு போன்ற இடங்களில் நன்றாகத் தெரியும். அப்புறம் தரம் குறைக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி வடிவுக்கு மாற்றினாலும் போனது திரும்பாது, கோப்பின் அளவுதான் கூடும். மூலப் படங்களைத் தயவுசெய்து அழிக்காதீர்கள்.