பாமும் ட்ரியோவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கையடக்கக் கணினிகள் பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்பை வாசித்தேன். என் அப்பா நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு தினமும் ரயிலில் நியூயார்க் போய் வேலை பார்த்தவர். சட்டைப்பையில் பாம் விஎக்ஸ் என்ற கையடக்கக் கணினி, இடுப்பில் ஒரு மடக்கு ஃபோன். என் சின்ன வயது நினைவில் அவர் அப்படித்தான் இருக்கிறார். 2004 தொடக்கத்தில் அலுவலகத்தில் அவருக்கு ட்ரியோ 600 என்ற ஸ்மார்ட்போன் கொடுத்தார்கள். மடக்கு ஃபோன் போயிற்று, பாம் போகவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இரண்டையும் சுமந்தார். “எல்லாம் ஒண்ணுலயே வந்தப்புறம் இது எதுக்கு?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார்.

அப்பா இப்போது இல்லை. பாம் மேஜை டிராயரில் இருக்கிறது. அவர் செய்தது வெறும் பிடிவாதமா, அல்லது அன்றைய ஸ்மார்ட்போன் உண்மையிலேயே பாமுக்கு மாற்றாக இருக்கவில்லையா? இப்போது சார்ஜ் செய்தால் அவர் எழுதி வைத்தவை கிடைக்குமா?

கே.

அன்புள்ள கே.,

அப்பாவின் பொருட்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் உங்களுக்கு முக்கியம் என்று புரிகிறது. ஆனால் அதற்கான பதில் முதல் கேள்விக்குள் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா செய்தது பிடிவாதம் இல்லை. 2004 தொடக்கத்தில், ட்ரியோ 600 கையில் இருந்த ஒருவர் பாமையும் வைத்துக்கொண்டது மிகச் சரியான முடிவு.

முதலில் பாம் என்ன வேலை செய்தது என்று பார்ப்போம். 1996 மார்ச்சில் வந்த முதல் பாம் கருவியான பைலட் 1000-ல் நினைவகம் வெறும் 128 கேபி. கீழே நான்கு பொத்தான்கள்: நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்புகள். அணைந்திருக்கும் கருவியில் நாட்குறிப்புப் பொத்தானை அழுத்தினால் அந்தக் கணமே இன்றைய பக்கம் நிற்கும். இயங்கத் தொடங்கும்வரை காத்திருக்கும் வேலையே கிடையாது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். யாராவது தேதி கேட்டால் மரத்துண்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். இன்னும் என்னென்ன சேர்க்கலாம் என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், எதெல்லாம் வேண்டாம் என்பதை அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். என் மதிப்பில் அந்தத் துறையில் நடந்த ஆகச்சிறந்த வடிவமைப்பு வேலை அதுதான்.

ஃபோனையும் இதையும் ஒன்றாக்கும் முயற்சி பாமுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஐபிஎம்மின் சைமன் என்ற ஃபோன் 1994-ல் வந்தது. நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் 1996-ல் வந்தது, எடை 397 கிராம். அதைச் சட்டைப்பையில் போட்டால் பையே கிழிந்துவிடும். இவற்றையெல்லாம் பாமுக்கு மாற்று என்று யாரும் சொல்லவில்லை.

ட்ரியோவின் கதை வேறு. பாமை உருவாக்கிய ஹாக்கின்ஸும் டானா டுபின்ஸ்கியும் 1998-ல் வெளியேறி ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2002-ல் ட்ரியோ 180, 2003 இறுதியில் ட்ரியோ 600. அதே 2003-ல் ஹேண்ட்ஸ்பிரிங் மறுபடி பாமுடனேயே இணைந்தது. ஆகவே அப்பாவின் ட்ரியோவுக்குள் இருந்தது அவருக்குப் பழக்கமான அதே பாம் மென்பொருள். அதே நாட்குறிப்பு, அதே முகவரிப் புத்தகம்.

சில வேலைகளை ட்ரியோ பாமைவிட நன்றாகவே செய்தது. பாமைப் பயன்படுத்த இரண்டு கை வேண்டும், ஒன்றில் கருவி, மற்றதில் திரையில் எழுதும் குச்சி. ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்பவரால் அது முடியாது. ட்ரியோ 600-ல் நடுவில் ஐந்து திசைப் பொத்தானும் அதன் கீழே சின்ன விசைப்பலகையும் இருந்தன. கட்டைவிரல் ஒன்றே போதும். ஒருவருடைய பெயரின் முதலெழுத்தையும் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் தட்டினால் எண் வந்துவிடும், அப்படியே அழைக்கலாம். பாமில் எண்ணைப் பார்த்து ஃபோனில் அழுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இன்று புரியாது.

கையெழுத்தைத்தான் பலர் இழப்பாகச் சொன்னார்கள். கிராஃபிட்டி என்ற அந்த எழுத்துமுறையில் ஒவ்வோர் எழுத்தும் கையைத் தூக்காமல் போடும் ஒரே கீறல். ஆங்கில ‘ஏ’ எழுத்துக்குக் குறுக்குக்கோடு கிடையாது. நன்றாகப் பழகியவர்கள் திரையைப் பார்க்காமலே எழுதுவார்கள். ஆனால் ட்ரியோ 180 வந்தபோதே விசைப்பலகை வைத்தது ஒன்று, கிராஃபிட்டி வைத்தது ஒன்று என்று இரண்டு வகையாக விற்றுப் பார்த்தார்கள். விசைப்பலகைதான் நின்றது. ஆகவே அப்பா பாமை விடாததற்கு கிராஃபிட்டி முழுக் காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

காரணம் பேட்டரி. இன்னும் சரியாகச் சொன்னால், பேட்டரியும் நினைவகமும் ஒன்றையொன்று சார்ந்திருந்த விதம்.

அந்தக் காலத்துப் பாம் கருவிகளில் நீங்கள் எழுதும் எல்லாமே ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். ரேமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நின்றால் எல்லாம் அழிந்துவிடும். முதல் பைலட்டில் இரண்டு ட்ரிபிள்-ஏ பேட்டரிகள் போடுவோம். மாற்றும்போது பழையதைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும், அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் உள்ளே இருக்கும் மின்தேக்கி தாங்கும். முன்னெச்சரிக்கையாக முதலில் கருவியைக் கணினியோடு இணைக்கும் தொட்டிலில் வைத்து ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் கணினிக்கு நகலெடுத்துவிட்டுத்தான் பேட்டரி மூடியைத் திறப்போம். அப்பாவின் விஎக்ஸில் உள்ளேயே சார்ஜ் ஆகும் லித்தியம் பேட்டரி. அதுவும் வாரக்கணக்கில் தாங்கும். அணைத்து வைத்திருக்கும் பாமுக்கு ரேமை உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

ட்ரியோ 600-லும் அதே ரேம்தான். 32 எம்பி, அதில் 24 எம்பி அளவுக்கு நமக்கு. ஆனால் அதே பேட்டரியில் இப்போது ஃபோனுக்கான ரேடியோவும் ஓடுகிறது. ஃபோன் சும்மா இருப்பதே இல்லை, செல்பேசிக் கோபுரத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். சிக்னல் மெலிந்தால் இன்னும் சக்தியைக் கூட்டிப் பேசும், இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும். நியூ ஜெர்சியிலிருந்து ஹட்சன் நதிக்கு அடியில் சுரங்கத்தில் போகும் ரயிலில் தினமும் இரண்டு தடவை அந்தத் தேடல் நடக்கும். மாலையில் பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ட்ரியோ 600-ல் பேட்டரியைக் கழற்றி வேறொன்று போடவும் வழி கிடையாது. சார்ஜரை மறந்துவிட்டு நான்கு நாள் வெளியூர் போனால் முதலில் ஃபோன் போகும். வடிந்த கருவியை அப்படியே விட்டுவைத்தால் நாட்குறிப்பும் முகவரிகளும் போகும். ஊர் திரும்பி ஹாட்சிங்க் செய்து பழைய நகலை மீட்கலாம். அந்த நான்கு நாளில் எழுதியது திரும்ப வராது.

ஃபோன் அணைந்துபோவது ஒரு மாலை நேரத்துத் தொல்லை. நாட்குறிப்பு அழிந்துபோவது அப்படியல்ல. ஒரு கருவி இன்னொன்றுக்கு மாற்றாகுமா என்று அது செய்யும் வேலைகளின் பட்டியலை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். எழுதி வைத்தது நாளைக்கும் இருக்கும் என்று நம்பலாமா என்பதே கேள்வி. 2004 தொடக்கத்தில் பாமை நம்பலாம், ட்ரியோ 600-ஐ அந்த அளவுக்கு நம்பமுடியாது.

இன்னொன்றும் உண்டு. காதில் ஃபோனை வைத்துப் பேசும்போது எதிராளி “அடுத்த செவ்வாய் சரிப்படுமா?” என்பார். நாட்குறிப்பு அதே ஃபோனுக்குள் இருக்கிறது. காதிலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, பார்த்துச் சொல்லவேண்டும். ரயிலில் ஐம்பது பேர் நடுவில் அதை யாரும் விரும்பமாட்டார்கள். கையில் பாம் இருந்தால் பேசிக்கொண்டே பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் ‘ஒரு வருடத்துக்கு மேல்’ என்ற கணக்கு என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. 2004 இறுதியில் ட்ரியோ 650 வந்தது. அதில் தரவு ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்தது, பேட்டரி முழுக்கச் செத்தாலும் அழியாது. பேட்டரியைக் கழற்றி மாற்றவும் முடிந்தது. குறை இல்லாமல் இல்லை. பழைய தரவு அதில் கூடுதல் இடம் பிடித்ததால் எழுந்த புகார்களுக்காக நிறுவனமே 128 எம்பி நினைவக அட்டையை இலவசமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் என் பார்வையில் ஸ்மார்ட்போன் பாமுக்கு மாற்றானது அந்தக் கருவியில்தான். அப்பா பாமை டிராயரில் வைத்த நேரமும் ஏறக்குறைய அதுவாக இருக்கலாம். அலுவலகத்தில் 650-க்கு மாற்றிக் கொடுத்தார்களா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

2007-ல் வந்த ஐஃபோனால்தான் கையடக்கக் கணினி ஒழிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த முதல் ஐஃபோனில் செய்யவேண்டியவை பட்டியலே கிடையாது, ஆப்பிள் அதைச் சேர்த்தது 2011-ல். வெட்டி ஒட்டும் வசதி 2009-ல்தான் வந்தது. பாமின் நான்கு பொத்தான்களில் ஒன்றின் வேலை அதில் இல்லவே இல்லை. ட்ரியோ 650 வைத்திருந்த ஒருவர் 2007-ல் ஐஃபோனுக்கு மாறினால் செய்யவேண்டியவை பட்டியல் விஷயத்தில் பின்னால்தான் போயிருப்பார்.

இனி டிராயரில் இருக்கும் பாம். அதற்குள் எதுவும் இருக்காது, கே. இத்தனை ஆண்டுகளில் பேட்டரி எப்போதோ வடிந்து ரேம் அழிந்திருக்கும். சார்ஜ் ஏறி இயங்கினாலும், புதிதாக வாங்கியவரை வரவேற்பதுபோல, திரையில் தெரியும் குறியைக் குச்சியால் தொடச்சொல்லும். அதைப் பார்த்து மனம் உடைந்துவிட வேண்டாம்.

தேடவேண்டிய இடம் அப்பாவின் பழைய வீட்டுக் கணினி. அது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் என்றால் சி டிரைவில் ‘பாம்’ (Palm) என்ற கோப்புறை, அதற்குள் அப்பாவின் பெயரைச் சுருக்கி ஒரு கோப்புறை இருக்கும். அதில் நாட்குறிப்பு, முகவரி, குறிப்புகள் தனித்தனியாக இருக்கும். ‘பேக்கப்’ என்ற பெயரில் ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து அந்தக் கோப்புறையை முழுதாக நகலெடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். பாமுக்கான கணினி மென்பொருளான பாம் டெஸ்க்டாப் அதிலேயே நிறுவப்பட்டிருந்தால் திறந்தவுடன் எல்லாம் தெரியும், குறிப்புகளைச் சாதாரண உரைக்கோப்பாக வெளியே எடுக்கலாம். பாமோடு தமிழ் எழுத்து வசதி வராததால் அவர் தமிழில் எதையாவது குறித்திருந்தால் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

கணினி கிடைத்தால் எழுதுங்கள். கோப்புகள் திறக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்