மகளுக்கு ஊசி: மறுக்கலாமா?

சகோதரி, ஆறாம் தரத்து மகளுக்கு எச்.பி.வி. (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி) தடுப்பூசி போடப் பாடசாலையிலிருந்து சம்மதப் படிவம் வந்திருக்கிறது, மறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மறுக்கலாம். சம்மதம் கேட்டுத்தானே படிவமே வந்திருக்கிறது!

டெங்கு நுளம்பு ஒழிப்பைப்போல இதுவும் கட்டாயமோ என்று தோன்றலாம். நுளம்புக் கதை வேறு. 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என் வளவுக்குள் வந்து சிரட்டையைக் கவிழ்த்துப் பார்க்கலாம். அந்தத் தண்ணீரில் பிறக்கும் நுளம்பு அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கும். பிள்ளையின் உடம்பு வளவு அல்ல.

ஆனாலும் என் மகளுக்கு வந்த சம்மதப் படிவத்தில் நான் கையொப்பமிட்டேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு சித்தி என் மடியில் தலைசாய்த்தபடி முச்சக்கரவண்டியில் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குப் போன நாட்களை மறக்க முடியவில்லை. இலங்கையில் இந்த ஊசியை 2017 முதல் போடுகிறார்கள். ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. கிருமி தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்த வயது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளும் கேட்கட்டும்.