வாகன வினா விடை: வெயிலில் நின்றால் கிளம்ப மறுக்கும் பழைய சிவிக்

கேள்வி: எங்களிடம் 1999ஆம் ஆண்டு பதிவான ஹோண்டா சிவிக் கார் இருக்கிறது. அப்பா வாங்கியது என்பதால், சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை இருமுறை பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்து ஓட்டிவருகிறோம். இரண்டு மாதங்களாக, நண்பகலில் திறந்தவெளியில் நிறுத்திவிட்டுத் திரும்பினால், ஸ்டார்ட்டர் சுற்றுகிறதே தவிர இன்ஜின் பிடிப்பதில்லை. கதவுகளைத் திறந்து வைத்து அரைமணி நேரம் காத்திருந்தால் பிடித்துக்கொள்கிறது. சென்ற வாரம் தீவு விரைவுச்சாலையில் ஒரு மேட்டில் ஏறும்போது இழுவையும் குறைந்தது. பட்டறையில் காலையில் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்பும் ஃபியூவல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– யீஷூன் வாசகர்

பதில்: அளந்து பார்க்காமல் மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலாவது, வெயிலில் நின்றபின் இன்ஜின் பிடிக்காதது. தொண்ணூறுகளின் ஹோண்டா கார்களில் டாஷ்போர்டின் கீழ் 'மெயின் ரிலே' என்ற சிறு பெட்டி உண்டு. பம்ப்புக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. ஆண்டுக்கணக்கான அதிர்விலும் சூட்டிலும் அதனுள் இருக்கும் ஈயப் பற்றுகளில் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. மூடிய கார் நம் ஊர் வெயிலில் காயும்போது அந்த விரிசல் விரிந்து மின்சாரம் அறுபடுகிறது. கதவைத் திறந்து உள்ளே குளிர்ந்ததும் மீண்டும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் காத்திருக்கும் அந்த அரைமணி நேரம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. காலையில் எந்தக் குறையும் தென்படாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, மேட்டில் இழுவை குறைந்தது. ரிலே கெட்டால் பெரும்பாலும் இன்ஜின் அடியோடு நின்றுவிடும்; சோர்ந்து ஓடாது. சோர்வுக்குக் காரணம் அடைபட்ட பெட்ரோல் ஃபில்டராகவோ, தேய்ந்த பம்ப்பாகவோ, கறுத்துப்போன இணைப்பில் மின்னழுத்தம் குறைவதாகவோ இருக்கலாம்.

ஆகவே, குறை தெரியும் நேரத்திலேயே சோதிக்க வேண்டும். அடுத்த முறை கார் கிளம்ப மறுத்தால், ஸ்டார்ட்டரைச் சுற்றாமல் சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்துக் கவனியுங்கள். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து இரண்டு விநாடிகளில் அணைய வேண்டும். அந்த இரண்டு விநாடிகளில் பின் இருக்கையின் அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். ரீங்காரம் இல்லையென்றால், பின் இருக்கையைத் தூக்கி, பம்ப்பின் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பேட்டரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ அப்படியே அங்கே வந்தும் பம்ப் சுழலவில்லை என்றால், பம்ப் போய்விட்டது என்று துணிந்து சொல்லலாம். மின்சாரமே வரவில்லை என்றால் பம்ப்பைக் குற்றம் சொல்ல இடமில்லை. ஃபியூஸ், ரிலே, வயர் என்ற வரிசையில் பின்னோக்கிப் போக வேண்டும். ரிலேயின் விலை பம்ப்பின் விலையைவிட மிகக் குறைவு என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மேட்டுச் சோர்வுக்கு, பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் ஒன்றே தீர்ப்புச் சொல்லும். அந்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றிய நிலையில் உங்கள் காரில் ஏறத்தாழ 40 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்க வேண்டும். உங்கள் இன்ஜினுக்குரிய துல்லியமான எண் பட்டறைக் கையேட்டில் கிடைக்கும். நின்ற இடத்தில் சரியாகக் காட்டும் அழுத்தம் சுமையில் விழக்கூடும் என்பதால், இன்ஜினுக்குச் சுமை கொடுத்தும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்தால் முதலில் ஃபில்டரை மாற்றி, அதன் போல்ட்டுகளுக்குப் புதிய வாஷர் போட்டு, மறுபடியும் அளக்க வேண்டும். அதன் பிறகும் குறைவாக இருந்து, மின்னழுத்தமும் சரியாக இருந்தால் பம்ப்பை மாற்றலாம்.

மாற்றும் வேலையை அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தங்கி, சிறு தீப்பொறிக்கும் பற்றிக்கொள்ளும். சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ காற்றோட்டமுள்ள பட்டறையில் விடுவதே நல்லது. ஜொகூருக்குப் போகிறவர்கள் டேங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோலுடன் புறப்பட வேண்டும் என்பது சட்டம். ஆகவே அத்தகைய பயணத்துக்கு முன்னும் பின்னும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், கால் டேங்க்குக்கும் குறைவாக இருக்கும் நாளில் காரை விடுங்கள். அழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டேங்க்கில் பம்ப் இருக்கும் இடத்தின் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். பம்ப்போடு அதன் அடியிலுள்ள வடிகட்டி வலையையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டேங்க்கினுள் இருக்கும் குழாய்க்குப் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த ரகம் வேண்டும்; சாதாரண பெட்ரோல் குழாய் வெளிப்புறமும் ஊறித் தளர்ந்துவிடும். கழற்றிய பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வலையில் துரு படிந்திருந்தால் டேங்க்கையும் கழுவாமல் புதிய பம்ப் நெடுநாள் உழைக்காது. புதிய பம்ப் கெடாதிருக்க, டேங்க்கை அடிமட்டம் வரை வற்றவிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதன் மோட்டாரின் சூட்டை எடுத்துக்கொள்வது அதனூடே ஓடும் பெட்ரோல்தான்.

இவை முடியும்வரை அப்பாவையோ பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டு விரைவுச்சாலையில் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வழியில் நின்றுவிட்டால் அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு, பாதுகாப்பான பக்கமாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். விரைவுச்சாலையில் நின்ற வண்டியை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடத்துக்கு இலவசமாக இழுத்துச் செல்லும் சேவை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் உண்டு.

கேள்வி: என்னுடைய 2004 டொயோட்டா ஆல்டிஸில் சாவியை 'ஆன்' செய்தால் பம்ப் சத்தமே கேட்பதில்லை. காலையில் மட்டும் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. பம்ப் கெட்டுவிட்டதா?
– பிடோக் வாசகர்

பதில்: சத்தம் கேட்காதது குறையன்று. அக்காலத்து டொயோட்டா கார்கள் பலவற்றில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதுதான் பம்ப் இயங்கத் தொடங்கும். காலைத் தாமதத்துக்கு, இரவில் அழுத்தம் வடிந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது 304 முதல் 343 கிலோபாஸ்கல் வரை இருக்க வேண்டிய அழுத்தம், இன்ஜினை நிறுத்தி 5 நிமிடம் கழித்தும் 147 கிலோபாஸ்கலுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், பெட்ரோல் பின்னோக்கி வடியாமல் காக்கும், பம்ப்பினுள் உள்ள தடுப்பு வால்வோ, இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் ஓர் இன்ஜெக்டரோ கசிகிறது. காலையில் முதல் முறை கிளம்பும்போது பெட்ரோல் வாடையோடு புகை வந்தாலோ, கழற்றிய ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் நனைந்திருந்தாலோ இன்ஜெக்டரைச் சந்தேகியுங்கள். அந்தக் கசிவு சிலிண்டரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். அவை இரண்டும் இல்லையென்றால் பம்ப்பை மாற்றச் சொல்லுங்கள்.