கனடா சினிமா என்று தனியாக ஒன்று இருக்கிறதா, எல்லாம் ஹாலிவுட்தானே?

இருக்கிறது. ஆனால் கனடாவிலேயே அதைத் தியேட்டரில் தேடிப் பிடிப்பது கஷ்டம். எடுக்க ஆள் இல்லாமல் இல்லை, ஓட்ட இடம் இல்லை. நாடு முழுக்கத் தியேட்டர்கள் வைத்திருந்த ஃபேமஸ் பிளேயர்ஸ் 1930இலேயே ஹாலிவுட் ஸ்டுடியோவான பாரமவுண்ட் கைக்குப் போய்விட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கனடாவில் அமெரிக்க டாலர் தட்டுப்பாடு வந்தபோது, ஹாலிவுட் அள்ளிப்போகும் வசூலுக்குக் கட்டுப்பாடு வரலாம் என்ற பேச்சு எழுந்தது. 1948இல் ஹாலிவுட் ஒரு பேரம் பேசியது: "வசூலில் கை வைக்காதீர்கள், எங்கள் படங்களில் உங்கள் நாட்டுப் பெயரைச் சொல்கிறோம், சுற்றுலாப் பயணிகள் வருவார்கள்." அரசும் சரி என்றுவிட்டது! கௌபாய் படத்தில் சம்பந்தமே இல்லாமல் கனடாப் பறவையைப் பற்றி ஒரு வசனம் வந்ததுதான் மிச்சம். இந்தக் கூத்து பத்து வருடம் நடந்தது.

அதனால் தியேட்டரை நம்பாத படங்களில்தான் கனடா தேறியது. 1939இல் ஜான் கிரியர்சன் தலைமையில் தொடங்கிய தேசியத் திரைப்பட வாரியம், புரொஜெக்டரோடு ஆட்களை ஊர் ஊராக அனுப்பி, பள்ளிக்கூடங்களிலும் பொது மண்டபங்களிலும் படம் காட்டியது. அங்கே வேலை பார்த்த மிஷேல் ப்ரோ 1958இல், பனியில் புதையாமல் நடக்க மாட்டும் அகலமான பனிக்காலணியோடு ஓடும் ஓட்டக்காரர்கள் கூடிய ஒரு விழாவைக் கூட்டத்துக்குள் புகுந்து படமாக்கினார். கால் மணி நேரப் படம்தான். அதன் பிறகு பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷ் அவரைப் பாரிஸுக்கே கூப்பிட்டுக்கொண்டார்.

கியூபெக் மாகாணத்தின் கதை வேறு. பிரெஞ்சு பேசுவதால் அவர்களுக்குச் சொந்த நட்சத்திரங்களும் சொந்த ரசிகர்களும் உண்டு. ஆங்கிலக் கனடாவுக்கு அந்த மொழி வேலி கிடையாது. எழுபதுகளின் நடுவில், படத்தில் போடும் பணம் முழுவதையும் வரி போடும் வருமானத்தில் கழித்துக்கொள்ள அரசு விட்டது. படங்கள் குவிந்தன, பாதிக்குமேல் குப்பை, டொராண்டோ தெருக்கள் அமெரிக்க ஊர்களாக வேஷம் போட்டன. இயக்குநர் டேவிட் க்ரோனன்பெர்க்கின் முதல் திகில் படத்துக்கு அரசுப் பணம் போனதைப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. என்னைக் கேட்டால், ஆங்கிலக் கனடாவின் தனிக்குணம் அவரிடம்தான் முதலில் தெளிவாகத் தெரிந்தது: சுத்தமான அடுக்குமாடி, அமைதியான மனிதர்கள், உள்ளே ஏதோ அழுகல்.

எங்கே தொடங்குவது என்றால், நார்மன் மெக்லாரன் 1952இல் எடுத்த 'நெய்பர்ஸ்'. எட்டு நிமிடம், வசனம் கிடையாது, ஒரு பூவுக்காக இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் அடித்துக்கொள்வது. வாரியத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அப்புறம் கியூபெக் இயக்குநர் க்ளாட் ஜூத்ராவின் பிரெஞ்சுப் படம் 'மோன் ஓங்க்ள் அந்துவான்'.