நாலு டிரில் உள்ள வீட்டில் ஒரு திருப்புளி இல்லை

கேள்வி: எனக்கு வயது 44. அலுவலக வேலை. மரவேலை என் பொழுதுபோக்கு. வீட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்றைப் பட்டறையாக மாற்றி வைத்திருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், கருவி வாங்குவதை என்னால் நிறுத்த முடியவில்லை. நாலு டிரில், மூன்று இரும்பு இழைப்புளி, உளி மட்டும் இரண்டு செட் இருக்கின்றன. சில பெட்டிகளை இன்னும் பிரிக்கவே இல்லை. இரவில் தூக்கம் வராவிட்டால் கைபேசியில் கருவிகளைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். தள்ளுபடி என்று கண்டால் விரல் தானாகவே அழுத்திவிடுகிறது. அலுவலக முகவரிக்கு வரவழைத்து, மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, இதற்காகக் கடன் வாங்கியதும் இல்லை. மனைவி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. என் பொருள்களின் அருமை தெரிந்தவள். போன மாதம் சமையலறை அலமாரிக் கதவு கழன்றுவிட்டது. நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு தச்சரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவருடைய மெஷினில் பேட்டரி இறங்கிவிட்டதால் ஒரு திருப்புளி கேட்டாராம். அப்போதுகூட என் அறையைத் திறக்காமல், பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மகனுக்கு வயது 13. வாசலில் நின்று பார்ப்பான். கையை வெட்டிக்கொள்வான் என்று உள்ளே விடுவதில்லை. இந்த ஆசையை எப்படி அடக்குவது? டேபிள் சா (மேசையோடு பொருத்திய மின்ரம்பம்) ஒன்று நல்ல தள்ளுபடியில் வந்திருக்கிறது. அதை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்ளலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, கடன் வாங்கவில்லை. இந்த மூன்றையும் சொல்லாமல் இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்ததே இல்லை. கேமரா லென்ஸ் வாங்கிக் குவிப்பவரும் இதைத்தான் எழுதுவார், தூண்டில் வாங்கிக் குவிப்பவரும் இதைத்தான் எழுதுவார். "பரவாயில்லை, இது நல்ல பழக்கம்தான்" என்று நான் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தட்டப் போவதில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன திருப்புளிக்கு வருகிறேன்.

அதை உங்கள் மனைவியின் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தேன், எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பெண் தன் வீட்டுச் சமையலறைக் கதவைச் சரிசெய்ய, தன் வீட்டிலேயே அறை நிறையக் கருவிகள் இருக்க, பக்கத்து வீட்டுப் படியேறித் திருப்புளி கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் பட்டறை தெரியாமலா இருக்கும்? கொடுத்தவர் என்ன நினைத்திருப்பார், கேட்டவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? யோசித்திருந்தால் அந்த வரியை "அருமை தெரிந்தவள்" என்பதற்கு அடுத்த வரியாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. அலமாரிக் கதவு ஒரே நாளில் கழன்று விழுவதில்லை. முதலில் மேல் கீலில் ஒரு திருகு தளரும். கதவு லேசாகச் சாயும். மூடும்போது கீழ் மூலை உரசும். அப்புறம் கொஞ்ச நாள், ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறுகையால் தள்ளி மூடுவார்கள். அதுவே பழகிவிடும். எடை முழுவதும் மிச்சமிருக்கும் திருகுகளில் இறங்கி, துளை பெருத்து, கடைசியில் ஒருநாள் கதவு கையோடு வரும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம். அத்தனை நாளும் அந்தச் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கவாவது நீங்கள் போயிருப்பீர்கள். உரசும் சத்தம் கேட்டிருக்கும். ஒருவேளை உங்கள் மனைவி உங்களிடம் சொல்லியும் இருப்பார், நீங்கள் "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்றும் இருப்பீர்கள். அது உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் தச்சரைக் கூப்பிட்டார் என்பது இருக்கிறது. எனக்கு அது போதும்.

அந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். பெருத்த துளையில் பசை தடவிய மெல்லிய மரக்குச்சிகளை இறுக்கமாகச் செருகி, காய்ந்ததும் உளியால் சமமாகச் சீவிவிட்டு, அதே இடத்தில் திருகை ஏற்ற வேண்டும். ஒரு திருப்புளி, ஓர் உளி, கொஞ்சம் பசை. உங்களிடம் உளி இரண்டு செட் இருக்கிறது.

மனைவி குறை சொல்வதே இல்லை என்கிறீர்களே, தம்பி, அதுதான் எனக்குக் கவலை. சண்டை போடுகிற மனைவி இன்னும் உங்களிடம் எதையோ எதிர்பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்குப் போய்த் திருப்புளி வாங்குகிறவர் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார். அல்லது, அந்த அறையைத் திறந்தால் மாலையில் நீங்கள் என்ன பேசுவீர்களோ என்ற பயம். இரண்டில் எது என்று நான் சொல்ல முடியாது. நீங்கள்தான் அவரைக் கேட்க வேண்டும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவருக்கென்று ஓர் அறை இருக்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் கட்டிய மனைவி அவசரத்துக்குக்கூடத் திறக்கத் தயங்கும் அறை ஒரு வீட்டில் இருக்கக் கூடாது. குடும்பஸ்தனுக்குக் கைத்தொழில் தெரிந்தால் அதன் முதல் பலன் அவன் வீட்டுக்குத்தான் சேர வேண்டும். இது பழைய காலத்துப் பேச்சு என்று அடுத்த வாரம் சிலர் எழுதுவார்கள். எழுதட்டும்.

சரி, நீங்கள் கேட்ட ஆசைக்கு வருவோம். பிரிக்காத பெட்டிகள் இருக்கின்றன என்றீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலம். ஒரு விளக்கு எரியும், அப்புறம் பழச்சாறு கிடைக்கும். ஆரம்பத்தில் சாறு நாக்கில் படும்போதுதான் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் துள்ளின. பழகிய பிறகு விளக்கு எரிந்ததுமே துள்ளின. எதிர்பார்த்தபடி சாறு வந்தபோது தனியாக எந்தத் துள்ளலும் இல்லை. உங்கள் விளக்கு அந்த இரவு நேரத் தள்ளுபடி அறிவிப்பு. பொத்தானை அழுத்தியதோடு உங்கள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. பெட்டி வந்து சேரும்போது அதைப் பிரிக்க ஆசை மிச்சமில்லை. அதனால்தான் அடுத்த பெட்டி.

விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். பேட்டரி இல்லாமல் வெறும் மெஷினை மட்டும் விலை குறைத்து விற்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் பேட்டரி பெரும்பாலும் இன்னொரு நிறுவன மெஷினில் ஏறாது. கையில் 18 வோல்ட் பேட்டரி இரண்டு இருந்தால், "பேட்டரிதான் இருக்கிறதே, மெஷின் மட்டும் வாங்கினால் போதுமே" என்று மனசு கணக்குப் போடும். உங்கள் மூன்றாவது டிரில்லும் நாலாவது டிரில்லும் எப்படி வந்தன என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். டிரில் இரண்டு இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றில் துளை போடும் பிட், மற்றதில் திருகு ஏற்றும் பிட் என்று மாட்டிவைத்தால் வேலை வேகமாக ஓடும். மற்ற இரண்டுக்கும் நியாயம் இருந்தால் எழுதுங்கள். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மட்டும் எத்தனை இருந்தாலும் போதாது என்று மரவேலைக்காரர்கள் சொல்வார்கள். பலகைகளை ஒட்டினால் பசை காயும்வரை எல்லாக் கிளாம்பும் ஒரே சமயத்தில் மாட்டியே இருக்க வேண்டும் என்பதால் அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நாலு டிரில்லை ஒரே சமயத்தில் பிடிக்க உங்களுக்கு ஏது கை?

உளி விஷயம் இன்னும் மோசம். கடையிலிருந்து வரும் புது உளி பெரும்பாலும் அப்படியே மரத்தில் இறங்காது. முதலில் பின்பக்கத்தைக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். 25 டிகிரியில் தீட்டி வந்திருக்கும் சாய்வின் நுனியில் 30 டிகிரியில் மெல்லிய விளிம்பு ஒன்று எடுக்க வேண்டும். முதலில் 1000 எண் தீட்டுக்கல், அப்புறம் அதைவிட நைசான 6000 அல்லது 8000 கல், கடைசியில் தோல்பட்டையில் நாலு இழுப்பு. செட்டில் உள்ள எல்லாவற்றையும் முடிக்க ஒரு விடுமுறை நாள் போய்விடும். இதை முதல் செட்டுக்குச் செய்திருந்தால் நீங்கள் இரண்டாவது செட் வாங்கியிருக்க மாட்டீர்கள். முதல் செட் வெட்டவில்லை என்று நினைத்துத்தான் இரண்டாவது வந்திருக்கிறது என்பது என் ஊகம். தவறென்றால் திருத்துங்கள். இழைப்புளியும் இதே கதைதான். இன்று விற்கும் இரும்பு இழைப்புளியின் அடிப்படை அமைப்புக்கு லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர் காப்புரிமைகள் பெற்றது 1860களில். ஸ்டான்லி நிறுவனம் அவற்றை 1869இல் வாங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெரிதாக மாறாத ஒரு பொருளில் உங்களுக்கு மூன்று எதற்கு? கூர்போட்டு வைத்த ஒன்று அந்த மூன்றின் வேலையையும் செய்யும்.

பிரிக்காத பெட்டிக்குள் கருவி பத்திரமாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். உத்தரவாதக் காலம் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடுகிறது. லித்தியம் பேட்டரி முழுதாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால், பிறகு சார்ஜரில் போட்டாலும் ஏறாமல் போகலாம். பஞ்சு வைத்து அடைத்த பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் வெளியேறாது. எண்ணெய் காணாத இரும்பு உள்ளேயே துருப்பிடிக்கும்.

இனிச் செய்ய வேண்டியது. இன்றைக்கே அறையைத் திறந்து, சாவியை எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டுங்கள். நல்ல திருப்புளி ஒன்று, சுத்தியல் ஒன்று, கொறடு ஒன்று, அளவு நாடா ஒன்று ஆகியவற்றை அந்த அறையிலிருந்து எடுத்துச் சமையலறை இழுப்பறையில் வையுங்கள். அவை இனி உங்கள் மனைவியுடையவை. திரும்பக் கேட்கக் கூடாது, துடைத்து வைத்தாயா என்று விசாரிக்கவும் கூடாது.

அப்புறம் மனைவியிடம் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் ஆடுவது, உரசுவது, ஒழுகுவது எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். முதலில் "ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார். விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டியல் முடியும்வரை ஒரு திருகுகூட வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகும், கையில் இருக்கும் வேலை ஒரு கருவி இல்லாமல் பாதியில் நின்றால் மட்டும் அந்தக் கருவியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில் இரவல், அடுத்து வாடகை, கடைசியாகத்தான் வாங்குவது. கைபேசியில் கடைச் செயலிகளை நீக்கிவிடுங்கள், சேமித்து வைத்த அட்டை எண்ணையும் அழித்துவிடுங்கள். எழுந்து போய் அட்டையைத் தேடி எண்ணை அடிப்பதற்குள் பாதி ஆசை வடிந்துவிடும். இரட்டையாக இருப்பதையெல்லாம் விற்றுவிடுங்கள்.

விற்ற பணத்தை அவர் கையில் கொடுக்கும்போது மொத்தம் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடன் வாங்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். கடன் வாங்காத பணமும் இரண்டு பேருடைய பணம்தான். அலுவலக முகவரிக்கு வரவழைத்தபோது அது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. இது கசக்கும். ஆனால் இதைச் செய்யாமல் மற்றதை மட்டும் செய்தால், கொஞ்ச நாளில் அலுவலகத்துக்கு இன்னொரு பெட்டி வரும்.

பையனை உள்ளே விடுங்கள். மெஷின் பக்கம் இப்போது வேண்டாம். கைக்கருவி போதும். மழுங்கிய உளிதான் கையை அதிகம் வெட்டும், ஏனென்றால் அதற்குப் பலம் கொடுக்க வேண்டும், பலம் கொடுத்தால் வழுக்கும். ஆகவே முதலில் தீட்டக் கற்றுக்கொடுங்கள். அப்புறம் மரத்தைக் கிளாம்பில் இறுக்கி, இரண்டு கைகளையும் கூர்முனைக்குப் பின்னால் வைத்துச் சீவுவதற்கு. 13 வயதில் வாசலில் நின்று பார்க்கிறவன் 16 வயதில் அங்கே நிற்க மாட்டான். அந்த இரண்டாவது செட்டை விற்க வேண்டாம், அவனிடம் கொடுங்கள். தீட்டுகிற விடுமுறை நாள் உங்கள் இருவருக்கும் ஆகட்டும்.

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் விரல் நிற்கவில்லை, மறுபடி ஒளித்து வாங்குகிறீர்கள், அல்லது கடன் வரை போய்விட்டது என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்பலின் 1915லேயே தன் பாடநூலில் இந்த வாங்கும் வெறியைப் பற்றி எழுதியிருக்கிறார். பேச்சுவழிச் சிகிச்சையில் பலருக்குக் கட்டுக்குள் வருகிறது.

கடைசியாக அந்த டேபிள் சா. அதை வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்பதை நான் நம்பவில்லை, நீங்களும் நம்பவில்லை. அதை விடுங்கள், அளவையே பாருங்கள். எட்டடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க வேண்டுமென்றால் ரம்பத்துக்கு முன்னால் எட்டடி இடம் வேண்டும், வெளியே வர பின்னால் எட்டடி வேண்டும், நீங்கள் நிற்கவும் இடம் வேண்டும். உங்கள் அறை பத்தடி. பெரிய பலகையை மரக்கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.