உப்புக்காற்றுக்குப் பழகியவர்கள் கிராண்ட் கேன்யனில் இறங்கும்போது

கே: அரிசோனாவில் இருக்கும் மகள் ஜூலையில் எங்களைக் கிராண்ட் கேன்யனுக்குக் கூட்டிப்போகிறாள். வெயில் தாங்க மாட்டீர்கள் என்கிறாள். தனுஷ்கோடி மணலில் உச்சிவெயிலில் நடந்த எங்களுக்கு அது என்ன புது வெயிலா?
– வாசகர், பாம்பன்

ப: புது வெயில்தான். பாம்பனில் காற்றே ஈரம். வியர்வை உலராமல் சட்டை முதுகோடு ஒட்டும். உடம்பு தண்ணீரை இழக்கிறது என்பதை அந்தப் பிசுபிசுப்பே சொல்லிவிடும். அரிசோனாவின் வறண்ட காற்றில் வியர்வை சுரந்த கையோடு ஆவியாகிவிடும். தோல் காய்ந்திருப்பதைப் பார்த்து வியர்க்கவே இல்லை என்று நினைப்பீர்கள். சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு படிந்த பிறகுதான் தெரியவரும்.

இன்னொன்று, கிராண்ட் கேன்யன் என்பது ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு, தலைகீழ் மலை. மலையில் ஏறுகிறவர் களைத்தால் இறங்கிவிடலாம். இங்கே களைத்த பிறகுதான் ஏற வேண்டும். தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். கொலராடோ ஆறு ஓடும் அடிப்பகுதி சுமார் 730 மீட்டர். 300 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 3 டிகிரி சூடு கூடும். மேலே இதமாக இருக்கும் அதே நாளில் ஆற்றங்கரையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். கச்சான் காற்றை முதுகில் வாங்கிப் போன வள்ளம் அதே காற்றை முகத்தில் வாங்கித் திரும்புகிற கதை. இறங்க ஒரு மணி நேரம் ஆனால், ஏற இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஜூலையில் உங்களுக்கு பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் ஓய்விடம் வரை, அதாவது 2.4 கி.மீ., போய்த் திரும்புவது போதும். விடியும்போதே இறங்கி, காலை 10 மணிக்குள் மேலே வந்துவிடுங்கள். 10 முதல் 4 வரை ஏறுவது வேண்டவே வேண்டாம். ஆற்றைத் தொட்டுவிட்டு அன்றே திரும்பும் ஆசையையும் விட்டுவிடுங்கள். சவுத் கைபாப் பாதையில் காட்சி பிரமாதம். ஆனால் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, நிழலும் அரிது. பிரைட் ஏஞ்சலில் கோடையில் குழாய்த் தண்ணீர் உண்டு. குழாய் உடைந்து நின்றுபோவதும் உண்டு. அன்று காலையில் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, வேண்டிய தண்ணீரைக் கையிலும் வைத்திருங்கள். பருத்திச் சட்டை போட்டுக் குழாயடியில் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். ஈரம் உலரும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குளிர்மாதங்களில் மட்டும் ஈரப் பருத்தி ஆபத்து.

கே: தண்ணீரை நிறையக் குடித்துக்கொண்டே இருந்தால் போதுமா?
– வாசகி, கீழக்கரை

ப: போதாது, சிலசமயம் அதுவே கெடுதல். வெயிலில் நடக்கையில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படும். உப்புச் சேராமல் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று வரும். நீரிழப்புக்கும் இதே அறிகுறிகள்தான் என்பதால் பதறிப்போய் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் நடக்கிறது. சிறுநீரைக் கவனியுங்கள். மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனால் தண்ணீர் வேண்டும். தெளிவாக அடிக்கடி போயும் குமட்டினால் தண்ணீரை நிறுத்தி உப்புப் பண்டம் கொடுங்கள். பேச்சு குழறினாலோ புத்தி தடுமாறினாலோ உடனே ரேஞ்சருக்குச் சொல்லியாக வேண்டும். உப்புக்கடலை, மிக்சர், ஊறுகாய் வைத்த சப்பாத்தி எல்லாமே நல்ல துணை. அரைமணிக்கொருமுறை ஒரு கை தின்றுவிட்டுக் குடியுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கே: காய்ந்த ஓடை மணல் மெத்தென்று இருக்குமே, கூடாரம் போடலாமா?
– வாசகர், தொண்டி

ப: கூடாது. வைகையில் திறந்த தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்துசேர நாள்கணக்காகும். வழிநெடுக மணலும் குடித்துக்கொள்ளும். அங்கே பாறை தண்ணீரைக் குடிக்காது. எங்கோ பெய்த மழை இடுக்கில் சுவர்போல வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தது, பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழையால்தான். ஜூலை, ஆகஸ்டு அதற்கான பருவம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளி மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ சாமானை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். ஓடை வழியே ஓடினால் தண்ணீர் முந்திவிடும்.

கிராண்ட் கேன்யனுக்குள் இரவு கூடாரம் போட அனுமதிச் சீட்டு வேண்டும். முகாமில் கொடுத்திருக்கும் உலோகப் பெட்டியில் சாப்பாட்டைப் பூட்டுங்கள். அணில்கள் பையைக் கடித்துக் கிழித்துவிடும், உங்களையும் கடிக்கும். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

கே: விறகு மூட்டிச் சமைக்கலாமா?
– வாசகர், மண்டபம்

ப: விளிம்புக்குக் கீழே தீ மூட்டத் தடை. சிறிய கேஸ் அடுப்பு போதும். சிலிண்டரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அங்கேயே வாங்குங்கள்.

கே: பயிற்சிக்குக் கடற்கரையில் நடந்தால் போதுமா?
– வாசகி, ராமேசுவரம்

ப: மணல்நடை கெண்டைக்காலுக்கு நல்லது. ஆனால் இறக்கத்தில் அடிவாங்குவது முழங்காலும் முன்தொடையும். நம் சமவெளியில் அவற்றுக்கு வேலையே இல்லை. இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், மாடிப்படியில் பையோடு ஏறி இறங்குங்கள். இறங்குவதை மெதுவாகச் செய்யுங்கள். முடிந்தால் பிரான்மலைக்கோ அழகர்மலைக்கோ இரண்டு முறை போய்வாருங்கள். ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும், நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இறக்கம் முழுக்கப் பெருவிரல் ஷூ முனையில் இடித்து நகம் கறுத்துவிடும்.